எம்.சி. காட்ரிட்ஜுக்கு ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இசைத்தட்டு பிளேயரின் ஊசியசைவை மின் சிக்னலாக்கும் பாகம்தான் காட்ரிட்ஜ். அதில் எம்.சி. வகையை வாங்கியவர்கள் அடுத்த வாரமே கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. திரும்பத் திரும்பப் பதில் சொல்வதற்குப் பதில் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும், கணக்கு அதற்கு மேல் போகாது.

எம்.எம். காட்ரிட்ஜை நேரா ஆம்ப்ல செருகினாலே பாடுது. எம்.சி.க்கு மட்டும் எதுக்கு நடுவுல ஒரு டிரான்ஸ்ஃபார்மர்?

எம்.எம். (மூவிங் மேக்னட்) வகையில் ஊசித் தண்டின் மறுமுனையில் இருக்கும் குட்டிக் காந்தம் அசைகிறது. சுருள் காட்ரிட்ஜின் உடம்பில் நிலையாக உட்கார்ந்திருக்கிறது, அதனால் எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றிக்கொள்ளலாம். எம்.சி.யில் (மூவிங் காயில்) அசைவது சுருளே. எடை கூடினால் ஊசியால் பள்ளத்தைச் சரியாகப் பின்தொடர முடியாது. ஆகவே மெல்லிய கம்பியில் சில சுற்றுகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சுற்று குறைந்தால் வோல்டேஜும் குறையும்.

எம்.எம். காட்ரிட்ஜ் 3 முதல் 6 மில்லிவோல்ட் தரும். எம்.சி. பெரும்பாலும் 0.2 முதல் 0.5 மில்லிவோல்ட்தான். ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்புக்காக 1960-களில் உருவாகி இன்றும் விற்பனையில் இருக்கும் டெனான் டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட். இதை எம்.எம். உள்ளீட்டில் நேராகக் கொடுத்தால் வால்யூமை முழுக்கத் திருப்பினாலும் பாட்டை விட இரைச்சல்தான் அதிகம் கேட்கும். பத்து முதல் முப்பது மடங்கு தூக்கிவிட ஏதாவது ஒன்று வேண்டும்.

என் ஆம்ப்லயே எம்.சி. ஸ்விட்ச் இருக்கே. அது போதாதா?

பல பேருக்குப் போதும். அந்த ஸ்விட்ச் டிரான்சிஸ்டர் வைத்த கூடுதல் ஆம்ப்ளிஃபையர் ஒன்றைப் பாதையில் சேர்க்கிறது. அது நன்றாகச் செய்யப்பட்டிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் பக்கமே போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

டிரான்ஸ்ஃபார்மரின் பலம் இரைச்சல் விஷயத்தில் தெரியும். 2 ஓம், 5 ஓம் போன்ற குறைந்த மின்தடையுள்ள காட்ரிட்ஜ்களின் சொந்த இரைச்சல் மிக மிகக் குறைவு. சாதாரண டிரான்சிஸ்டர் உள்ளீட்டின் இரைச்சல் அதை எளிதாக மிஞ்சிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் அந்த நுண்ணிய சிக்னலை முதலிலேயே பத்து, இருபது மடங்கு தூக்கிவிடுவதால் பின்னால் வரும் இரைச்சல் அமுங்கிப்போகிறது. காட்ரிட்ஜின் மின்தடை 40 ஓம் என்று வரும்போது இந்த லாபம் சுருங்குகிறது.

கரண்ட்டே கொடுக்காம டிரான்ஸ்ஃபார்மர் எப்படி வோல்டேஜைக் கூட்டுது?

வோல்டேஜ் கூடும் அளவுக்குக் கரண்ட் குறைகிறது, பவர் அப்படியேதான் இருக்கிறது. 1:10 டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைப் பத்து மடங்காக்கும், கரண்ட்டைப் பத்தில் ஒன்றாக்கும். வோல்டேஜைக் கரண்ட்டால் வகுத்தால் வருவது இம்பீடன்ஸ். அதனால் இம்பீடன்ஸ் நூறு மடங்கு மாறுகிறது, அதாவது விகிதத்தின் வர்க்கம். கீழே வரும் எல்லாக் கணக்கும் இந்த ஒரு வரியிலிருந்து பிறப்பதுதான்.

சில பெட்டியில 1:10, 1:20னு இருக்கு, சிலதுல 20 டெசிபல், 26 டெசிபல்னு இருக்கு. எது எது?

20 டெசிபல் என்றால் 1:10. 26 டெசிபல் என்றால் 1:20. 30 டெசிபல் ஏறக்குறைய 1:32. ஒவ்வொரு 6 டெசிபலுக்கும் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மரை எந்த சாக்கெட்ல செருகணும், எம்.எம்.ஆ எம்.சி.யா?

எப்போதும் எம்.எம். சாக்கெட்டில்தான். எம்.சி.யில் செருகினால் இரண்டு முறை தூக்குவதால் உள்ளீடு நிரம்பி வழிந்து ஒலி சிதையும். அதைவிட மோசம், எம்.சி. உள்ளீட்டின் மின்தடை பெரும்பாலும் 100 ஓம் அளவில் இருக்கும். 1:10 வழியாகப் பார்த்தால் காட்ரிட்ஜுக்கு அது வெறும் 1 ஓம், கிட்டத்தட்ட ஷார்ட் அடித்த மாதிரி.

என் காட்ரிட்ஜ் 40 ஓம். டிரான்ஸ்ஃபார்மர்லயும் '40 ஓம்'னு எழுதியிருக்கு. அப்ப பொருத்தம் முடிஞ்சுதுதானே?

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. டிரான்ஸ்ஃபார்மருக்கு என்று சொந்தமாக ஒரு இம்பீடன்ஸ் கிடையாது. மறுபக்கம் எதைக் கட்டியிருக்கிறீர்களோ அதையே உருமாற்றிக் காட்டும். பெட்டியில் எழுதியிருக்கும் '40 ஓம்' என்பது "இந்த அளவு மின்தடையுள்ள காட்ரிட்ஜுக்கு நாங்கள் பரிந்துரைக்கிறோம்" என்று தயாரிப்பாளர் சொல்வது மட்டுமே. காட்ரிட்ஜ் பார்க்கப்போகும் லோடு, அதாவது அதன் மறுபக்கம் தெரியும் மின்தடை, அது இல்லை.

இரண்டு கம்பெனிகள் '40 ஓம்' என்று எழுதிய இரண்டு பெட்டிகளின் விகிதங்கள் வேறுவேறாக இருக்கலாம். அதனால் எழுத்தை நம்பாமல் விகிதம் என்ன என்று கேளுங்கள். விகிதத்தைச் சொல்லாமல் ஓம் மட்டும் சொல்லும் விற்பனையாளரிடம் வாங்க நான் தயங்குவேன்.

சரி, அப்போ காட்ரிட்ஜ் பார்க்கிற லோடை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

போனோ ஸ்டேஜின் (இசைத்தட்டு சிக்னலைப் பெருக்கும் ஆம்ப் பகுதி) எம்.எம். உள்ளீடு 47,000 ஓம், ஏறக்குறைய எல்லாத் தயாரிப்பிலும். அதை விகிதத்தின் வர்க்கத்தால் வகுத்துவிடுங்கள். 1:10 என்றால் 470 ஓம். 1:20 என்றால் 117 ஓம். 1:30 என்றால் 52 ஓம். 1:40 என்றால் 29 ஓம். விகிதம் நாலு மடங்கானால் லோடு பதினாறில் ஒன்றாகிவிடுவதைக் கவனியுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் சுருள்களின் சொந்த மின்தடையும் இதில் கொஞ்சம் சேரும். முதல் கணக்குக்கு அதை விட்டுவிடலாம்.

லோடும் காயிலும் சமமா இருந்தாத்தானே முழு பவரும் போகும்? காலேஜ்ல அப்படித்தான் படிச்சோம்.

படித்தது தப்பில்லை, இங்கே அது நமக்குத் தேவையில்லை. சுருளின் மின்தடையும் லோடும் தொடராக இருப்பதால் வோல்டேஜ் இரண்டுக்கும் பிரிகிறது. இரண்டும் சமமானால் பாதி வோல்டேஜ் காட்ரிட்ஜுக்குள்ளேயே போய்விடும்.

டிஎல்-103-ஐ வைத்தே பார்க்கலாம்: 0.3 மில்லிவோல்ட், 40 ஓம். 1:10-இல் லோடு 470 ஓம். 470-ஐ 510-ஆல் வகுத்தால் 0.92. ஆக 0.3 × 10 × 0.92 = 2.8 மில்லிவோல்ட். இதே வழியில் 1:20 போட்டால் 4.5 மில்லிவோல்ட். 1:30-இல் 5.1 மில்லிவோல்ட். 1:40-இல்? மறுபடியும் 5.1தான். கூட்டிக்கொண்டே போனாலும் ஏறவில்லை. உச்சம் 1:34 பக்கம் இருக்கிறது, நீங்கள் படித்த அந்தச் சமநிலை அங்கேதான் வருகிறது. அதைத் தாண்டினால் வோல்டேஜ் குறையத் தொடங்கும்.

1:20-இலிருந்து 1:34-க்குப் போய் நமக்குக் கிடைப்பது ஒரு டெசிபலுக்குச் சற்று மேல். அதற்கு விலையாகக் காட்ரிட்ஜின் பாதி வோல்டேஜைச் சுருளிலேயே இழக்கிறோம், டிரான்ஸ்ஃபார்மரின் அலைவரிசை அகலமும் சுருங்குகிறது. எனக்கு அது நல்ல வியாபாரமாகத் தெரியவில்லை.

அப்ப லோடு காயிலைவிட எத்தனை மடங்கு இருக்கணும்? ஒருத்தர் பத்துங்கிறார், இன்னொருத்தர் மூணுங்கிறார்.

இரண்டுமே சரி என்று சொல்லிவிடலாம். பத்து மடங்கு என்றால் இழப்பு ஒரு டெசிபலுக்கும் கீழே. மூன்று மடங்கு என்றால் இழப்பு 2.5 டெசிபல். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நின்றாலும் பெரிய குற்றமில்லை.

முடிவு செய்ய இரண்டு கேள்விகள் போதும். போனோ ஸ்டேஜுக்கு 3 முதல் 6 மில்லிவோல்ட் போய்ச் சேருகிறதா? லோடு சுருளைவிட ஏறக்குறைய மூன்று மடங்காவது இருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் பொருத்தம் முடிந்தது. டிஎல்-103-க்கு 1:10 போட்டால் முதல் கேள்விக்குப் பதில் விளிம்பில் நிற்கிறது, இரைச்சல் குறைந்த போனோ ஸ்டேஜ் இருந்தால் அது அருமையாக வேலை செய்யும். இல்லாவிட்டால் 1:15, 1:20 பக்கம் பாருங்கள்.

என்னோடது ஆர்ட்டோஃபோன் எஸ்பியு. நண்பர் டிஎல்-103-க்கு வச்சிருக்கிற 1:10 பெட்டியை வாங்கிப் போட்டேன், சத்தமே வரலை.

எஸ்பியு கிளாசிக் 0.2 மில்லிவோல்ட், 2 ஓம். 1:10-இல் 2 மில்லிவோல்ட்தான் கிடைக்கும், சத்தம் குறைவது நியாயமே. ஆனால் இங்கே சுருள் வெறும் 2 ஓம் என்பதால் விகிதத்தைத் தாராளமாகக் கூட்டலாம். 1:20-இல் 3.9 மில்லிவோல்ட். 1:30-இல் 5.8 மில்லிவோல்ட், லோடு 52 ஓம், அதாவது சுருளைவிட 26 மடங்கு. இழப்பு என்று சொல்லவே ஒன்றுமில்லை.

டிஎல்-103-க்குக் கூடாது என்று சொன்ன 1:30, எஸ்பியுவுக்கு மிகப் பொருத்தம். "எல்லா எம்.சி.க்கும் ஒத்துவரும்" என்று விளம்பரப்படுத்தும் ஒற்றை விகிதப் பெட்டிகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான்.

ஒரு கம்பெனி 3.54 செ.மீ./வினாடினு போட்டு வோல்டேஜ் சொல்லுது, இன்னொண்ணு 5 செ.மீ.னு சொல்லுது. எப்படி ஒப்பிடுறது?

ஊசி அசையும் வேகம் கூடினால் வோல்டேஜும் அதே விகிதத்தில் கூடும். 3.54-இல் சொன்ன எண்ணை 1.41-ஆல் பெருக்கினால் 5 செ.மீ. கணக்கு வந்துவிடும். 0.3 என்று எழுதியிருப்பது 0.42 ஆகிவிடும், அது சின்ன வித்தியாசமில்லை. ஒப்பிடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

பெரிய விகிதம் போட்டா சும்மா அதிருதே, உயிரோட இருக்கே. என்ன கெட்டுப்போச்சு?

சத்தம் கூடினால் காது அதை "நல்லா இருக்கு" என்றுதான் சொல்லும், எல்லோர் காதும் அப்படித்தான். இரண்டு விகிதங்களை ஒப்பிடும்போது வால்யூமைச் சமப்படுத்திவிட்டுக் கேளுங்கள். பாதி வித்தியாசம் அங்கேயே காணாமல் போகும்.

மீதிப் பாதி போனோ ஸ்டேஜின் தாங்குதிறன். நாம் சொல்லும் 5 மில்லிவோல்ட் சராசரியான ஓர் அளவுகோல் மட்டுமே. இசைத்தட்டின் உரத்த இடங்களில் அது நாலைந்து மடங்கு எகிறும், ஒரு கீறல் வந்தால் அதற்கும் மேலே. 5 கொடுக்கும் இடத்தில் 10 கொடுத்தால் சில போனோ ஸ்டேஜ்கள், குறிப்பாகக் குறைந்த வோல்டேஜில் ஓடுபவை, உச்சங்களை வெட்டிவிடும். உரத்த இடங்களில் மட்டும் ஒலி கரகரத்தால் முதலில் ஊசியை அல்ல, விகிதத்தைச் சந்தேகப்படுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் மாத்தினதும் பேஸ் குறைஞ்ச மாதிரி இருக்கு. பிரமையா?

பிரமையாக இல்லாமலும் இருக்கலாம். பிரைமரி சுருளின், அதாவது காட்ரிட்ஜோடு இணையும் பக்கத்துச் சுருளின், இண்டக்டன்ஸ் காட்ரிட்ஜுக்குக் குறுக்கே நிற்கிறது. அலைவரிசை குறையக் குறைய அதன் தடையும் குறைந்து சிக்னலைத் தின்றுவிடும். எங்கே தின்னத் தொடங்கும் என்பதை முடிவு செய்வது காட்ரிட்ஜின் மின்தடை.

பிரைமரி இண்டக்டன்ஸ் அரை ஹென்ரி என்று வைத்துக்கொள்வோம். 40 ஓம் சுருளும் 470 ஓம் லோடும் இணையாக 37 ஓம். அதை 2π × 0.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 12 ஹெர்ட்ஸ். அங்கே 3 டெசிபல் இறக்கம், 20 ஹெர்ட்ஸில் ஒரு டெசிபலுக்குச் சற்று மேல். அதே டிரான்ஸ்ஃபார்மரில் 2 ஓம் காட்ரிட்ஜைப் போட்டால் இறக்கம் ஒரு ஹெர்ட்ஸுக்கும் கீழே போய்விடும். ஆக, 2 ஓமுக்காகச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரில் 40 ஓம் காட்ரிட்ஜைக் கட்டினால் பேஸ் மெலிவது கணக்குப்படியே நடப்பது. பெட்டியில் இருக்கும் '3 ஓம்', '40 ஓம்' என்ற எழுத்துக்கு ஏதாவது அர்த்தம் உண்டென்றால் அது பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

ஒரே டிரான்ஸ்ஃபார்மர்ல 1:10, 1:20 ரெண்டும் எடுக்கலாம்னு சொல்றாங்களே, எப்படி?

பிரைமரியில் ஒரே மாதிரி இரண்டு சுருள்கள் இருக்கும். தொடராக இணைத்தால் 1:10, இணையாக இணைத்தால் 1:20. இணையாக மாற்றும்போது லோடு கால்பங்காகிறது. பிரைமரி இண்டக்டன்ஸும் கால்பங்காகிவிடும். மின்தடை அதிகமுள்ள காட்ரிட்ஜோடு இதைச் செய்தால் மேலே சொன்ன பேஸ் இறக்கம் மூன்று, நாலு மடங்கு மேலே ஏறி வரும் என்பதை நினைவில் வையுங்கள். சுருள்களின் முனை மாறாமல் இணைப்பதும் முக்கியம். ஒன்றைத் திருப்பிப் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒலியே வராது.

லோடை இன்னும் குறைக்கணும். ரெசிஸ்டரை எந்தப் பக்கம் போடுறது?

செகண்டரி பக்கம், அதாவது போனோ ஸ்டேஜுக்கு இணையாக. 1:10-இல் 470 ஓமுக்குப் பதில் 100 ஓம் வேண்டும் என்றால் செகண்டரியில் மொத்தம் 10,000 ஓம் தேவை. 47,000-உடன் இணைந்து அதைத் தருவது 12,700 ஓம். கடையில் சுலபமாகக் கிடைக்கும் 13,000 போட்டால் 102 ஓம் வரும், அது போதும். பிரைமரி பக்கம் 127 ஓம் போட்டாலும் காட்ரிட்ஜுக்கு அதே 100 ஓம்தான். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரின் மேல் அலைவரிசை அதிர்வை அடக்குவது செகண்டரி ரெசிஸ்டர்தான்.

லோடை இப்படிக் குறைக்க மட்டுமே முடியும். கூட்ட வேண்டும் என்றால் விகிதத்தைக் குறைக்க வேண்டும், அல்லது 100 கிலோஓம் உள்ளீடுள்ள போனோ ஸ்டேஜ் வேண்டும்.

போனோ ஸ்டேஜ்ல கெப்பாசிட்டன்ஸ் ஸ்விட்ச் இருக்கு. எங்க வைக்கணும்?

இருப்பதிலேயே குறைவான இடத்தில். லோடு எப்படி வர்க்கத்தால் வகுபடுகிறதோ, கெப்பாசிட்டன்ஸ் அப்படியே வர்க்கத்தால் பெருகும். செகண்டரியில் 100 பிகோஃபேரட் கேபிள், 1:20 வழியாகக் காட்ரிட்ஜுக்கு 40,000 பிகோஃபேரடாகத் தெரியும். அதைவிட, டிரான்ஸ்ஃபார்மரின் கசிவு இண்டக்டன்ஸோடு சேர்ந்து மேல் அலைவரிசையில் ஒரு மேட்டைக் கிளப்பிவிடும். டிரான்ஸ்ஃபார்மருக்கும் போனோ ஸ்டேஜுக்கும் நடுவே குட்டையான, கெப்பாசிட்டன்ஸ் குறைந்த கேபிள் போடுங்கள். டோன்ஆர்ம் (காட்ரிட்ஜைத் தாங்கும் கை) பக்கத்துக் கேபிளில் கெப்பாசிட்டன்ஸ் பெரிய விஷயமில்லை, அங்கே மின்தடை குறைவாக இருந்தால் போதும்.

எல்லாம் கணக்குப்படி சரி. ஆனா ஹம் தாங்க முடியலை.

முதலில் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கோணம் மாற மாற ஹம் கூடிக் குறைந்தால், பக்கத்திலிருக்கும் பவர் டிரான்ஸ்ஃபார்மரோ டர்ன்டேபிள் மோட்டாரோ வீசும் காந்தப்புலத்தை உங்கள் பெட்டி பிடிக்கிறது. ஒலிபெருக்கியில் காதை வைத்துக்கொண்டு, ஹம் அடங்கும் கோணத்தையும் இடத்தையும் தேடுங்கள். நல்ல பெட்டிகளில் காந்தப்புலத்தைத் தடுக்கும் மியூமெட்டல் உறை இருக்கும், ஆனாலும் ஆம்பின் மேலேயே தூக்கி வைத்தால் எந்த உறையும் காப்பாற்றாது. கேபிள் குட்டையாக இருக்க வேண்டும் என்று மேலே சொன்னேன், இங்கே தூரம் வேண்டும் என்கிறேன். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைப் பிடிப்பதுதான் வேலை.

கோணம் மாற்றியும் மாறாவிட்டால் எர்த் இணைப்பைப் பாருங்கள். டோன்ஆர்மின் எர்த் கம்பி டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து ஒரு கம்பி போனோ ஸ்டேஜுக்கு. இது போதும். அதே இரண்டு இடங்களுக்கு நடுவே இரண்டாவது பாதை ஒன்று இருந்தால் லூப் உருவாகி ஹம் வரும். சில பெட்டிகளில் பிரைமரி எர்த்தைப் பிரிக்க ஸ்விட்ச் இருக்கும், இரண்டு நிலையிலும் கேட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

மல்டிமீட்டர் வச்சு காட்ரிட்ஜ் காயிலையும் டிரான்ஸ்ஃபார்மரையும் அளந்து பார்க்கலாமா?

வேண்டாம். ஓம் அளக்கும்போது மீட்டர் டி.சி. கரண்ட் அனுப்புகிறது. அது எம்.சி.யின் மெல்லிய சுருளுக்கு ஆபத்து, டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளகத்தையும் காந்தமாக்கிவிடலாம். காட்ரிட்ஜின் மின்தடையைத் தயாரிப்பாளரின் தாளில் பாருங்கள்.

விகிதம் தெரியாத பழைய டிரான்ஸ்ஃபார்மர் என்றால் ஏ.சி. வழியில் அளக்கலாம். காட்ரிட்ஜ் இணைக்காமல், பிரைமரிக்கு 1,000 ஹெர்ட்ஸில் சில மில்லிவோல்ட் மட்டும் கொடுத்து, இரண்டு பக்கத்து ஏ.சி. வோல்டேஜையும் படித்து வகுத்தால் விகிதம் வந்துவிடும். அவ்வளவு சிறிய அளவையும் அந்த அலைவரிசையையும் சரியாகப் படிக்கும் மீட்டர் வேண்டும்.

ஹை அவுட்புட் எம்.சி.யையோ எம்.எம்.மையோ இது வழியா ஓட்டினா இன்னும் நல்லா இருக்குமா?

இல்லை. ஹை அவுட்புட் எம்.சி. 2 மில்லிவோல்டுக்கு மேல் தரும், நேராகவே செருகலாம். எம்.எம். காட்ரிட்ஜின் சுருளில் அரை ஹென்ரி அளவுக்கு இண்டக்டன்ஸ் இருக்கும். 470 ஓம் லோடில் சில நூறு ஹெர்ட்ஸிலிருந்தே ஒலி சரியத் தொடங்கிவிடும்.

கரண்ட் இன்புட் போனோ ஸ்டேஜ் வாங்கினேன். டிரான்ஸ்ஃபார்மரை அதோட சேர்க்கலாமா?

சேர்க்க வேண்டாம். அந்த வகை வோல்டேஜைப் பார்ப்பதில்லை, காட்ரிட்ஜிலிருந்து வரும் கரண்ட்டைப் பார்க்கிறது, உள்ளீடு கிட்டத்தட்ட பூஜ்ய ஓம். டிரான்ஸ்ஃபார்மர் கரண்ட்டைக் குறைக்கும் கருவி என்று மேலே பார்த்தோம். அதனால் தூக்க வேண்டியதை இது இறக்கிவிடும். குறைந்த மின்தடையுள்ள காட்ரிட்ஜை அதில் நேராகவே கொடுங்கள், டிரான்ஸ்ஃபார்மரை வேறொரு எம்.எம். போனோ ஸ்டேஜுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.